பைத்தானில் தமிழ்ச் சரத்தைப் பிரிப்பதும் எழுத்தை அடுக்குவதும்: முழுமையான வழிகாட்டி

பைத்தானிடம் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். முதல் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் 3 என்று சொல்லும். இரண்டு பேரும் தப்பில்லை. எண்ணும் பொருள்தான் வேறு. சரத்தை (நிரலில் எழுத்துகளின் கோவைக்கு அதுவே பெயர்) வெட்டும்போதும், திருப்பும்போதும், புள்ளி வைத்து நிரப்பும்போதும், ஒரே எழுத்து எத்தனை தடவை வந்திருக்கிறது என்று பார்க்கும்போதும் தமிழில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த 5-க்கும் 3-க்கும் நடுவில்தான் பிறக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒழுங்கைப் பின்பற்றும்: முதலில் சுத்தம் செய், பிறகு எழுத்தெழுத்தாக வெட்டு, அதன் பிறகே எண்ணு, அடுக்கு (அதாவது ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப வை).

ஒரு குறிப்பு. பைத்தானின் சொந்தக் கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம்: லென் (நீளம் சொல்வது), ஸ்ப்ளிட் (பிரிப்பது), ஜாயின் (சேர்ப்பது) என்று. கோப்பில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் நீங்கள் பார்ப்பதுபோலத் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

சரத்துக்குள் இருப்பது என்ன

"தமிழ்" என்ற சரத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஆர்ட் (ord) கட்டளைக்குக் கொடுத்தால் ஐந்து எண்கள் வரும்:

```
த   2980
ம   2990
ி    3007
ழ   2996
்    3021
```

இவைதாம் யூனிகோட் குறியெண்கள். தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128. அதில் "மி" என்றோ "ழ்" என்றோ தனி எழுத்து கிடையாது. அகரம் ஏறிய மெய் ஒரு குறியெண், அதன்மேல் வரும் கொம்போ காலோ புள்ளியோ இன்னொரு குறியெண். லென் எண்ணுவது இந்தக் குறியெண்களை. இதையே யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றினால், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 ஆகும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறிமுறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. அங்கே இந்த நீளம் 3 என்றே வரும். ஆனால் இணையமும் மொபைலும் பேசுவது யூனிகோடு. அதோடுதான் நாம் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

இதன் விளைவு வெட்டும்போது உடனே தெரியும்.

```
சொல் = "பாட்டு"
சொல்[:3]      →  "பாட"
சொல்[:4]      →  "பாட்"
"தமிழ்"[::-1]   →  "்ழிமத"
```

முதல் வரியைப் பாருங்கள். பெயர்ச்சொல்லை வெட்டினோம், வினையெச்சம் கிடைத்திருக்கிறது! பிழைச் செய்தி எதுவும் வராது. உடைந்த எழுத்துகூடக் கண்ணில் படாது. மூன்றாவது வரியில் புள்ளி தலைக்கு வந்து, உட்கார இடமில்லாமல் புள்ளிவட்டத்தில் தொங்கும். அதையாவது பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். முதல் வகைதான் ஆபத்து.

படி 1: கோப்பைத் திறப்பது

எடுத்துக்காட்டாக ஒரு மளிகைப் பட்டியலை வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு ஒரு சரக்கு: பெயர், எண்ணிக்கை, விலை.

```
துவரம் பருப்பு | 2 | 168.50
ரவை | 1 | 48.00
வெல்லம் | 3 | 62.00
```

ஓப்பன் கட்டளையில் என்கோடிங் (குறிமுறை) என்ன என்பதை எப்போதும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "யூடிஎஃப்-8". விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகள், நீங்கள் சொல்லாவிட்டால், கணினியின் பழைய மேற்கத்தியக் குறிமுறையான 1252-ஐ எடுத்துக்கொள்ளும். அப்போது நடப்பது வேடிக்கை. புள்ளியின் மூன்று பைட்டுகளில் கடைசி பைட் 141. அந்த எண் 1252 அட்டவணையில் காலியிடம். ஆக, அதிகபட்சம் முதல் மெய்யெழுத்து வந்த இடத்தில் வாசிப்பு பிழையோடு நிற்கும். ஒரு மெய்யெழுத்தும் இல்லாத கோப்பாக இருந்தாலோ, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துக் குவியலாக, பிழையே இல்லாமல் வாசித்து முடித்துவிடலாம். "போன கோப்பு வேலை செய்ததே, இது மட்டும் ஏன்?" என்ற குழப்பத்துக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

நோட்பேடிலோ எக்செலிலோ சேமித்த கோப்பென்றால் முதல் வரியின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 65279 என்ற குறி உட்கார்ந்திருக்கலாம். முதல் சரக்கு மட்டும் தேடலில் கிடைக்காமல் போனால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். என்கோடிங் பெயரை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுத்தால் பைத்தானே அதை உதறிவிடும். குறி இல்லாத கோப்புக்கும் அதனால் கெடுதல் இல்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் இந்த வேலை எதுவும் பலிக்காது. அதில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் தமிழாக வேஷம் போடுகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

படி 2: சுத்தம்

வாசித்த ஒவ்வொரு வரிக்கும் மூன்று துடைப்பு தேவை.

முதலாவது, ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். "கொடு" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒன்றில் ொ ஒரே குறியெண், 3018. இன்னொன்றில் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். நீளம் ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5. சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்று சொல்லும். யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் கட்டளையை "என்எஃப்சி" வடிவம் கேட்டு ஓட்டினால் எல்லாம் ஒற்றைக் குறியாகச் சேர்ந்துவிடும்.

அது தீர்க்காத மூன்று வியாதிகள் உண்டு. ஔகாரத்துக்காகக் கொம்பு போட்டுப் பக்கத்தில் "ள" எழுத்தையே அடித்திருப்பார்கள். "ஔவை" என்பதை ஒ, ள என்று பிரித்து "ஒளவை" என்று அடித்திருப்பார்கள். "ர்" அடிக்க வேண்டிய இடத்தில் கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருப்பார்கள். இவை யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு எழுத்துகள், ஆகவே நார்மலைஸ் தொடாது. கால், புள்ளி என்ற 3006, 3021 இரண்டும் அடுத்தடுத்து வந்தால் அது எந்தத் தமிழ்ச் சொல்லிலும் சரியல்ல. கண்ணை மூடிக்கொண்டு "ர்" என்று மாற்றலாம். "ஒள" அப்படி இல்லை: "ஒளி", "ஒளிவு" என்று உண்மையிலேயே அந்த எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்கள் உண்டு. அதற்குச் சொற்பட்டியல் வைத்துத் திருத்துவதே பாதுகாப்பு.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத குறிகள்: 8203, 8204, 8205. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இரு முனை வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் கட்டளை இவற்றை வெற்றிடமாக மதிக்காது, நீக்காது. 160 என்ற உடையாத இடைவெளியை மட்டும் அது நீக்கும். ஆகவே இந்த மூன்றையும் ரெப்ளேஸ் வைத்துத் தனியாக எடுங்கள். ஒரு விலை உண்டு: "ரிக்‌ஷா" போன்ற சொல்லில் க், ஷ இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே 8204 போட்டிருப்பார்கள், எடுத்தால் க்ஷ வடிவம் வந்துவிடும். தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் எடுத்த பிரதியை வைத்துக்கொண்டு, அச்சிட மூலத்தையே பயன்படுத்தினால் வம்பில்லை.

மூன்றாவது, இரு முனை வெற்றிடம். அதற்கு ஸ்ட்ரிப்.

படி 3: வரியைப் பிரிப்பது

```
பகுதிகள் = வரி.ஸ்ப்ளிட்("|")
```

மூன்று பகுதிகள் வந்தனவா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வரவில்லையென்றால் வரி எண்ணோடு ஒரு செய்தி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். 4000 வரிக் கோப்பில் ஒரு வரிக்காக மொத்தமும் நிற்பதும் வேண்டாம். சத்தமில்லாமல் விழுங்குவதும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் மறுபடி ஸ்ட்ரிப், ஏனெனில் கோட்டுக்கு இருபுறமும் இடைவெளி இருக்கிறது.

ஸ்ப்ளிட்டுக்கு இரண்டு முகம். பிரிப்பானைக் கொடுத்தால் காலியிடங்களையும் மதித்துக் கொடுக்கும்: "அ,,ஆ" என்பது மூன்று பகுதி, நடுவில் வெற்றுச் சரம். எதுவும் கொடுக்காமல் அழைத்தால் வெற்றிடம் எத்தனை இருந்தாலும் ஒன்றாகவே பாவித்து, காலிப் பகுதிகளை விட்டுவிடும். வெற்று வரியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதல் வகை ஒரு வெற்றுச் சரம் கொண்ட பட்டியலைத் தரும், இரண்டாம் வகை வெறும் பட்டியலைத் தரும். "வெற்று வரிக்கு நீளம் 0 வரவில்லையே" என்று தேடுபவர்கள் இங்கே பாருங்கள்.

"நேரம்: 10:30" மாதிரி வரிகளில் பிரிப்பானே மதிப்புக்குள்ளும் வரும். ஸ்ப்ளிட் மூன்றாக உடைக்கும். பார்ட்டிஷன் முதல் பிரிப்பானில் மட்டும் வெட்டி, எப்போதும் சரியாக மூன்று துண்டு தரும்: முன், பிரிப்பான், பின். பிரிப்பான் இல்லாவிட்டாலும் மூன்றுதான், பின்னிரண்டும் வெறுமையாக. காற்புள்ளியால் பிரித்த கோப்பில் "1,250.00" என்ற விலை வந்து கெடுத்தால் கையால் வெட்டப் போராடாதீர்கள். மேற்கோளுக்குள் உள்ள காற்புள்ளியைப் புரிந்துகொள்ள பைத்தானிலேயே சிஎஸ்வி தொகுதி இருக்கிறது.

இனி, தமிழ்த் தரவில் அடிக்கடி அடி வாங்க வைக்கும் ஒன்று. பெயருக்கு முன்னால் உள்ள "திரு." ஒட்டை எடுக்க எல்ஸ்ட்ரிப் பயன்படுத்துகிறார்கள்:

```
"திரு.திருநாவுக்கரசு".எல்ஸ்ட்ரிப்("திரு.")   →  "நாவுக்கரசு"
"மக்கள்".ஆர்ஸ்ட்ரிப்("கள்")                →  "ம"
```

ஸ்ட்ரிப் குடும்பத்துக்கு நீங்கள் கொடுப்பது ஒரு சொல் என்று அது நினைப்பதில்லை. குறியெண்களின் கூடை என்றே எடுத்துக்கொள்ளும். த, ி, ர, ு, புள்ளிக்குறி ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று இடப்புறம் இருக்கும்வரை தின்றுகொண்டே போகும். பெயரிலிருந்த திருவும் போனது அப்படித்தான். "மக்கள்" விஷயத்தில் க, ள, மெய்ப்புள்ளி மூன்றும் கூடையில் இருப்பதால் ம மட்டும் தப்பித்தது. இதற்கு ரிமூவ்பிரிஃபிக்ஸ், ரிமூவ்சஃபிக்ஸ் என்ற கட்டளைகள் 3.9 பதிப்பில் வந்தன; அவை முழு ஒட்டையும் ஒரே ஒரு தடவை மட்டும் நீக்கும். "மக்கள்" அப்போதும் "மக்" ஆகும்தான். ஆனால் அது இலக்கணம் பார்க்க வேண்டிய விஷயம், சரம் பார்க்க வேண்டியது அல்ல.

எண்ணிக்கையை இண்ட் வைத்து முழு எண்ணாகவும், விலையை டெசிமல் வைத்துத் தசம எண்ணாகவும் மாற்றுங்கள். மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்பது அடுக்கும் குறியோடு சம்பந்தப்பட்டது:

```
"2" * 168   →  168 தடவை 2 என்று எழுதிய சரம்
2 * 168     →  336
```

பெருக்கல் குறிக்குப் பைத்தானில் இரண்டு வேலை. ஒரு பக்கம் சரமாக இருந்தால் அது அடுக்கும். பிழையே வராது. பில்லில் தொகை 168 இலக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். "1,250" என்பதை இண்ட் ஏற்காது, காற்புள்ளிகளை முதலில் எடுக்க வேண்டும். தமிழ் எண்களை அது ஏற்கும்: "௧௨" என்று கொடுத்தால் 12. ஆனால் பழைய முறையில் ௰ சேர்த்து "௰௨" என்று எழுதினால் பிழை. ௰, ௱, ௲ மூன்றும் இலக்கங்கள் அல்ல, மதிப்புக் குறிகள்.

படி 4: எழுத்தெழுத்தாக வெட்டுவது

இதுதான் நடுத்தூண். வடிவம் சொல்லித் தேட உதவும் ரெஜெக்ஸ் தொகுதியின் ஃபைண்ட்ஆல் கட்டளைக்கு இந்த வடிவத்தைக் கொடுங்கள்:

```
[க-ஹ][ா-்]?|.
```

பொருள்: க முதல் ஹ வரை ஒரு மெய்வரிசை எழுத்து, அதற்குப் பின் ா முதல் புள்ளி வரை ஒரு குறி இருந்தால் அதுவும் சேர்த்து, இல்லாவிட்டால் எதுவாக இருந்தாலும் ஒரே ஒரு குறியெண். உயிருக்கும் ஆய்தத்துக்கும் தனி விதி தேவையில்லை, அவை ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒற்றைக் குறியெண்தான். "துவரம் பருப்பு" கொடுத்தால் து, வ, ர, ம், இடைவெளி, ப, ரு, ப், பு என்று 9 துண்டு வரும். லென் மட்டும் கேட்டிருந்தால் 14.

இரண்டாம் அடைப்புக்குள் தனிக்குறிகளை அடிப்பது எடிட்டரில் தொல்லை. கால் முந்தின குறியோடு ஒட்டிக்கொள்ளும். கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. அடித்து முடித்ததும் அடைப்புக்குள் உள்ளவற்றை ஆர்ட் மூலம் சரிபாருங்கள்: 3006, நடுவில் சிறுகோடு, 3021 என்று வர வேண்டும்.

ரெஜெக்ஸ் வேண்டாமென்றால் கையாலும் செய்யலாம். ஒரு வெற்றுப் பட்டியல் எடுத்துக்கொண்டு, சரத்தின் ஒவ்வொரு குறியெண்ணையும் பாருங்கள். அது 3006-க்கும் 3021-க்கும் இடையில் இருந்து, பட்டியலும் காலியாக இல்லையென்றால், கடைசித் துண்டோடு ஒட்டுங்கள். இல்லையென்றால் புதுத் துண்டு. ஏழெட்டு வரியில் முடிந்துவிடும், என்ன நடக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். என்எஃப்சி செய்யாத சரத்துக்கு 3031 என்ற ஔகார நீட்டக் குறியையும் சேர்க்க வேண்டும். இரண்டு வழிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: ஒரே எழுத்தின்மேல் இரண்டு குறி வந்தால் ரெஜெக்ஸ் இரண்டாவதைத் தனித்துண்டாக விடும், கைவழி அதையும் ஒட்டிவிடும்.

இரண்டு குறுக்குவழிகள் இணையத்தில் சுற்றுகின்றன. இரண்டும் தமிழில் சறுக்கும்.

சொல்லுக்கான டபிள்யூ குறியை ரெஜெக்ஸில் போட்டு "தமிழ்" என்பதைத் தேடினால் "தம", "ழ" என்று இரண்டு துண்டு வரும். பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாது. இதே காரணத்தால்தான் "தமிழ்" முழுக்க எழுத்துகளா என்று இஸ்ஆல்ஃபா கேட்டால் இல்லை என்கிறது.

யூனிகோட் வகை பார்த்து, அகலமில்லாத குறிகளை மட்டும் கழித்து எண்ணுவது இன்னொன்று. தமிழ் உயிர்க்குறிகளில் ீ மட்டும் அகலமில்லாத வகையில் இருக்கிறது, மற்றவையெல்லாம் இடம்பிடிக்கும் வகையில். ஆகவே "மீ" ஒன்று, "மி" இரண்டு என்று கணக்கு வரும். வகை பார்ப்பதென்றால் இரண்டு வகைகளையும் சேர்த்தே கழிக்க வேண்டும்.

இனி, க்ஷ. மேற்சொன்ன வடிவம் அதை க், ஷ என இரண்டாகத்தான் வெட்டும். ஒன்றாக வேண்டுமென்றால் வடிவத்தின் தொடக்கத்தில் `க்ஷ[ா-்]?|` என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எது சரி என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. குறுக்கெழுத்துப் புதிர்க்கட்டத்துக்கு ஒன்று, அகரவரிசைப்படுத்த இரண்டு என்று நடுவழியில் மாற்றாமல், ஒரு நிரலுக்கு ஒரே முடிவாக வையுங்கள்.

படி 5: நிரப்பு

பெயருக்கு 24 எழுத்து இடம், மீதியைப் புள்ளியால் நிரப்பி, விலையை வலப்புறம் தள்ள வேண்டும்.

```
அளவு = லென்(எழுத்துகள்)
வரிசை = பெயர் + "." * (24 - அளவு) + தொகை.ஆர்ஜஸ்ட்(10)
```

இங்கே எழுத்துகள் என்பது படி 4-இல் வந்த பட்டியல், தொகை என்பது சரமாக மாற்றிய எண். விடை:

```
துவரம் பருப்பு...............    337.00
ரவை......................     48.00
வெல்லம்....................    186.00
```

வலப்புறம் நிரப்பித் தரும் எல்ஜஸ்ட் கட்டளையே இருக்கும்போது ஏன் கையால் என்றால், அது எண்ணுவதும் குறியெண்ணை. துவரம் பருப்புக்கு 15 புள்ளி வர வேண்டிய இடத்தில் 10-ஓடு நிறுத்திவிடும். ரவைக்கு 22-க்குப் பதில் 21. சென்டர் கட்டளைக்கும் அதே நோய். விலைக்கு ஆர்ஜஸ்ட் பயன்படுத்தியதில் தவறில்லை, அங்கே இருப்பது வெறும் இலக்கங்கள்.

பெயர் 24-ஐத் தாண்டினால் கழித்தல் எதிர்ம எண்ணாகும். எதிர்ம எண்ணால் சரத்தைப் பெருக்கினால் பைத்தான் வெற்றுச் சரம் தரும், புகார் சொல்லாது. வரி உடையாது, விலைப் பத்தி மட்டும் தள்ளிப்போகும். அதனால் முதலில் வெட்டுங்கள். சரத்தை வெட்டக் கூடாது. பட்டியலின் முதல் 23 துண்டை எடுத்து ஜாயின் செய்து "…" சேர்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கண்ணுக்கு முழுசாக நேராகத் தெரியாமல் போகலாம். ணௌ எடுக்கும் இடமும் ர எடுக்கும் இடமும் ஒன்றல்ல, சில டெர்மினல்கள் ி, ு போன்ற குறிகளுக்கும் தனிக் கட்டம் ஒதுக்கும். எழுத்தெண்ணி நிரப்புவது பதிவுக் கோப்புக்கும் திரையில் ஒரு பார்வைக்கும் போதும். வாடிக்கையாளர் கையில் போகும் பில்லுக்கு எண்ணை முதலிலும் பெயரைக் கடைசியிலும் போட்டுவிடுங்கள்: நிரப்பே தேவைப்படாது. அல்லது அட்டவணையாக எச்டிஎம்எல்லில் கொடுங்கள்.

அடுக்கும்போது இன்னும் இரண்டு. "கா" என்பதை மூன்றால் பெருக்கினால் "காகாகா". அதன் கடைசிக் குறியெண்ணை எடுத்துப் பெருக்கினால் வெறும் மூன்று கால்கள். பட்டியலைப் பெருக்கி `[["."] * 5] * 3` என்று கட்டம் போட்டால் மூன்று வரியும் ஒரே வரியின் மூன்று பெயர்களாகிவிடும், ஒரு கட்டத்தை மாற்றினால் மூன்றிலும் மாறும். உள்வரியை ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாக்க வேண்டும்.

படி 6: நீட்டி எழுதியதைச் சுருக்குவது

"சூப்பர்ர்ர்ர்", "வாங்கககக", "ஐயோோோோ" என்று வரும் கருத்துகளைச் சீராக்க வேண்டியிருக்கிறது என்று வைப்போம். எல்லா மொழிக்கும் பொதுவாகச் சொல்லித்தரும் வடிவம் இது:

```
(.)\1+
```

ஒரு குறியெண், அதே குறியெண் மறுபடி. இதை "சூப்பர்ர்ர்ர்" மேல் ஓட்டினால் ஒன்றும் நடக்காது. உள்ளே இருப்பது ர, புள்ளி, ர, புள்ளி என்ற வரிசை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே குறியெண் எங்குமே இல்லை. எதிர்ப்பக்கம், இதைப் "பப்பாளி" மேல் ஓட்டினால் "ப்பாளி" என்று கடித்துவிடும். முதல் ப, அடுத்த ப் இரண்டும் நமக்கு வேறு எழுத்து. குறியெண்ணுக்கு இரண்டு ப. "தத்தை"க்கும் இதே கதிதான். செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, செய்யக் கூடாததைச் செய்கிற வடிவம் இது.

சரியான வரிசை:

முதலில் தனிக்குறிகளின் அடுக்கை மட்டும் சுருக்குங்கள். `([ா-்])\1+` என்பதை `\1` ஆக மாற்றினால் "ஐயோோோோ" "ஐயோ" ஆகிவிடும். ஒரே உயிர்க்குறி இரண்டு தடவை அடுத்தடுத்து வரும் சரியான தமிழ்ச்சொல் கிடையாது, ஆகவே தயங்க வேண்டாம்.

பிறகு படி 4-இன்படி வெட்டி, பட்டியலை நடங்கள். நடக்கும் எழுத்து, அது எத்தனை தடவை வந்தது என்ற இரண்டை நினைவில் வையுங்கள். அடுத்த எழுத்து அதேயானால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மாறினால் முந்தைய ஓட்டத்தை முடித்து எழுதுங்கள்: எண்ணிக்கை 3 அல்லது மேல் என்றால் ஒரு எழுத்து, இல்லையென்றால் இருந்தபடியே. சுற்று முடிந்து வெளியே வந்த பிறகு கடைசி ஓட்டத்தையும் எழுத வேண்டும். கையால் எழுதும் நிரல்களில் மிக அதிகமாக மறந்துபோவது இந்தக் கடைசி வரிதான். "சூப்பர்ர்ர்ர்" "சூப்ப" என்று வந்தால் காரணம் அதுவே. இட்டர்டூல்ஸ் தொகுதியின் குரூப்பை இதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் அதற்குச் சரத்தைக் கொடுக்காமல் எழுத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

ஏன் 3? இரண்டையே சுருக்கினால் மாமா "மா" ஆகிவிடுவார், தாதா "தா" ஆகிவிடுவார். மூன்று ஒரே எழுத்து அடுத்தடுத்து வருவது இயல்பான சொற்களில் அபூர்வம். செய்யுளில் வரும் "கெடுப்பதூஉம்" போன்ற அளபெடைக்கும் ஆபத்தில்லை. அங்கே தூ, உ என்று இரண்டும் வெவ்வேறு துண்டு. நம் முன்னோர் நீட்டி எழுதும் முறையை இனவெழுத்து கொண்டு வைத்தது நிரல் எழுதுபவனுக்கு ஒரு உபகாரம்.

படி 7: ஓட்டத்தை எண்ணாகச் சுருக்குவதும் விரிப்பதும்

அதே நடையை வைத்து "வாங்கககக" என்பதை "வாங்க4" என்று சேமிக்கலாம். ஒருமுறை மட்டும் வந்ததற்கு எண் போட வேண்டியதில்லை. தொல்லை வருவது மூலத்திலேயே எண் இருக்கும்போது. "100" என்பதைச் சுருக்கினால் "102": 1, பிறகு 0 இரண்டு தடவை. விரிப்பவருக்கு இது எது என்று தெரியாது. சுருக்காத "பேருந்து 47" என்ற வரியை விரித்தால் "பேருந்து" என்ற சொல்லுக்குப் பின் 47 இடைவெளி கிடைக்கும்.

பொதுவான தீர்வு விடுபடு குறி வைப்பது, அதாவது அடுத்து வருவது எண்ணிக்கை அல்ல, மூலத்தின் இலக்கம் என்று காட்டும் குறி. தமிழில் அதைவிடச் சுலபமான வழி கையிலேயே இருக்கிறது: எண்ணிக்கையைத் தமிழ் எண்ணில் எழுதுங்கள். "வாங்க௪". மூலத்தில் தமிழ் எண்கள் வராது என்று உறுதியாக இருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. தமிழ் இலக்கம் ஒவ்வொன்றும் ஒரே குறியெண் என்பதால் மாற்றுவது எளிது:

```
இலக்கம் = "௦௧௨௩௪௫௬௭௮௯"
இலக்கம்[4]   →  "௪"
```

விரிக்கும் வடிவம்:

```
([க-ஹ][ா-்]?|[^௦-௯])([௦-௯]*)
```

முதல் அடைப்பு எழுத்து, இரண்டாவது எண். எண் காலியென்றால் 1, இல்லையென்றால் இண்ட் மூலம் மாற்றிப் பெருக்குங்கள். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக எடுக்காதீர்கள். "அ௧௨" என்பது 12 அகரம். கையால் செய்வதென்றால் இதுவரையிலான மதிப்பைப் பத்தால் பெருக்கிப் புது இலக்கத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணால் சரிபார்க்கும்போது எச்சரிக்கை: ௧ பார்க்க க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். சோதனைத் தரவைக் கையால் அடிப்பவர் எழுத்தையே அடித்துவிட்டால் விரிப்பு அமைதியாகத் தப்பாக வரும்.

வெளியாள் அனுப்பும் சரத்தை விரிப்பதானால் உச்சவரம்பு வையுங்கள். ஒரு எழுத்தும் ஒன்பது ஒன்பதும் கொண்ட பத்துக் குறியெண், விரிந்தால் கிட்டத்தட்ட நூறு கோடி எழுத்து. பைத்தான் 3.3 முதல் தமிழ்ச் சரத்தில் ஒரு குறியெண்ணுக்கு 2 பைட் எடுக்கிறது, ஆகவே அந்த ஒரே சரம் 2 ஜிபி. முதலில் எண்களை மட்டும் கூட்டிப் பாருங்கள், வரம்புக்குள் இருந்தால் விரியுங்கள்.

வேறு மொழியில் எழுதுபவர்களுக்கு

ஜாவாஸ்கிரிப்டிலும் "தமிழ்" நீளம் 5 தான். ஆனால் அங்கே இன்ட்ல் தொகுப்பில் செக்மென்டர் இருக்கிறது, 3 துண்டாகத் தரும். அடுக்க ரிபீட், எதிர்ம எண் கொடுத்தால் பைத்தான் போல மௌனம் சாதிக்காமல் பிழை எறியும், அது நல்லதே. பிஎச்பியில் ஸ்ட்ர்லென் 15 என்று பைட்டை எண்ணும், எம்பி முன்னொட்டு உள்ளது 5 என்று சொல்லும்.

சோதனைச் சொற்கள்

நிரலை வேலைக்கு விடுமுன் இவற்றை ஓட்டிப் பாருங்கள். முதல் எண் லென் தருவது, இரண்டாவது எழுத்துப் பட்டியலின் நீளம்.

```
தமிழ்            5    3
ஸ்ரீ             4    2
ஔவை           3    2
அஃது            4    3
எண்ணெய்         7    4
கெடுப்பதூஉம்     12    7
```

ஔவைக்கு 4, 3 என்று வந்தால் உங்கள் கோப்பில் இருப்பது ஒ, ள. எண்ணெய்க்கு 4-க்குப் பதில் 5 வந்தால் கொம்பு தனியாக நிற்கிறது, ரெஜெக்ஸின் இரண்டாம் அடைப்பைத் திறந்து ஆர்ட் எண்களை மறுபடி பாருங்கள். சுருக்கும் நிரலுக்கு "பப்பாளி", "மாமா", "தத்தை" மூன்றும் கொடுத்தபடியே திரும்ப வர வேண்டும். "செமமமம" மட்டும் "செம" ஆக வேண்டும்.